படைக்கலம் விற்றார்க்குப் பழி உண்டோ?

கொலை செய்தவன் குற்றவாளி என்பதில் எவர்க்கும் ஐயம் இல்லை. கூலி கொடுத்துக் கொல்லச் சொன்னவனும் குற்றவாளியே என்பதை எல்லா நாட்டுச் சட்டங்களும் ஒப்புக்கொள்ளும். ஆனால், கொலைக்கருவியை விலைக்கு விற்றவன் எத்தகையவன்? விற்றபோது அவன் ஒன்றும் அறியாதிருந்தால் ஒரு விடை. அறிந்தே விற்றிருந்தால் வேறொரு விடை. விற்றவன் தனி மனிதனாக இல்லாமல் ஒரு வல்லரசாக இருந்து, வாங்கியவனும் ஓர் அரசாக இருந்து, அந்தக் கருவியைப் பகைவர்மேல் ஏவாமல் தன் குடிகள்மேலேயே ஏவினால், அப்போது பழி யாரைச் சேரும்?

இது நூலோர் மட்டும் ஆராய்ந்து மகிழ்வதற்குரிய வினா அன்று. 1971-ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஒரு கோடி மக்களின் கண்ணீரோடு இது நம் நாட்டு எல்லைக்கே வந்து நின்றது. இன்று வேறொரு வடிவில் மீண்டும் வந்து நிற்கின்றது. அன்று நாம் பிறரை நோக்கி இவ்வினாவை எழுப்பினோம். இன்று பிறர் நம்மை நோக்கி எழுப்புகின்றனர். ஆகவே, சற்று நிதானமாக இதனை எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

முன்னோர் கண்ட நெறி

நம் முன்னோர் படைக்கலத்தை வெறுத்தவர் அல்லர். திருக்குறளின் அறத்துப்பாலில் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் உண்டு. அதே நூலின் பொருட்பாலில் படைமாட்சிக்கும் படைச்செருக்கிற்கும் அதிகாரங்கள் உண்டு. இது முரண் போலத் தோன்றலாம்; உண்மையில் முரண் அன்று. குடிகளைக் காக்கும் அரசுக்குப் படை வேண்டும் என்பதை வள்ளுவர் அறிவார். அந்தப் படை எவர் கையில், எதன்பொருட்டு இருக்கின்றது என்பதே அவர் கருதிய செய்தி. செங்கோன்மை என்னும் அதிகாரத்தை அடுத்துக் கொடுங்கோன்மை என்னும் அதிகாரத்தை அவர் வைத்திருப்பதை நோக்குக. செங்கோலுக்கும் கொடுங்கோலுக்கும் உள்ள தொலைவு மிகச் சிறிது. ஒரே கோல்தான் இரண்டாகவும் ஆகின்றது.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய பாடல் புறநானூற்றில் உள்ளது. பயன்படாமல் பொலிவோடு வைக்கப்பட்ட கருவிகளையும், போரில் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் கருவிகளையும் அவர் அதில் ஒப்பிடுகின்றார். அப்பாடலில் வரும் கொல்லனை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். அந்நாளில் அரசனும் கொல்லனும் குடிகளும் ஒரே நாட்டினர். வேல் எவர்மேல் பாய்ந்தது என்பது வடித்தவனுக்குத் தெரியும். அது தன் உறவினன்மேல் பாய்ந்தால் அழுகுரலும் அவன் செவியில் விழும்.

இன்று கொல்லன் கடல் கடந்து இருக்கின்றான். அவன் வடித்த கருவி எந்த ஊரில் எவர் வீட்டை இடித்தது என்பதை அவன் காணவேண்டியதில்லை. அழுகுரல் அவனை எட்டுவதில்லை; கணக்குப் புத்தகத்தில் வரவு மட்டுமே எட்டுகின்றது. இந்தத் தொலைவுதான் பழைய அறத்திற்குப் புதிய சிக்கலை உண்டாக்கியது.

1971: நம் வாயிலில் வந்த வழக்கு

பாகிஸ்தானுக்கு அமெரிக்கா படைக்கலம் வழங்கத் தொடங்கியது 1954-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆகும். பொதுவுடைமை நாடுகளின் பரவலைத் தடுப்பதே அதன் நோக்கம் என்று அன்று சொல்லப்பட்டது. 1965-இல் இந்திய பாகிஸ்தான் போர் மூண்டபோது இரு நாடுகளுக்கும் அமெரிக்கா ஆயுதத் தடை விதித்தது. பின்னர் அத்தடை சிறிது சிறிதாகத் தளர்ந்தது. 1970 அக்டோபரில் 'இந்த ஒரு முறை மட்டும்' என்று கூறிப் பாகிஸ்தானுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் பாகிஸ்தானில் பொதுத்தேர்தல் நடந்தது. கிழக்குப் பகுதிக்குரிய 162 பொது இடங்களுள் 160 இடங்களை ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் வென்றது. நாடு முழுவதற்கும் ஆட்சி அமைக்கும் உரிமை அக்கட்சிக்குக் கிடைத்தது. அவ்வுரிமையை வழங்க யாகியா கானின் இராணுவ ஆட்சிக்கு மனம் வரவில்லை. 1971 மார்ச் 25-ஆம் நாள் இரவு டாக்கா நகரில் படை இறங்கியது. பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்களும், இல்லங்களில் ஆசிரியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். தொடர்ந்த மாதங்களில் இந்துக்கள் தனித்துத் தேடி அழிக்கப்பட்டனர். அப்படை செலுத்திய எம்-24 டாங்கிகளும், எஃப்-86 சேபர் விமானங்களும் அமெரிக்க வடிவமைப்பைச் சேர்ந்தவை. பொதுவுடைமையைத் தடுக்க என்று தந்த கருவிகள் வாக்குச்சீட்டைத் தடுக்கப் பயன்பட்டன.

கொல்லப்பட்டோர் தொகையை மூன்று இலட்சம் முதல் முப்பது இலட்சம் வரை பலவாறு கணக்கிடுவர். எல்லை கடந்து இந்தியாவுக்கு வந்தவர் ஏறத்தாழ ஒரு கோடி. கல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில், நகர் அமைப்பதற்காகக் கொண்டுவந்து போட்டிருந்த பெரிய சிமெண்ட் குழாய்களுக்குள் குடும்பங்கள் வாழ்ந்தன. அந்நகரில் பிழைப்புத் தேடிக் குடியேறியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அது செய்தித்தாளில் மட்டும் படித்த துயரம் அன்று. கண்ணெதிரே கண்ட துயரம். மற்ற நகரங்களில் வாழ்ந்தவர்க்கும் அது எட்டாமல் இல்லை. அவ்வாண்டு நவம்பர் 15 முதல் அகதிகள் நிவாரணத்திற்கென ஐந்து பைசா கூடுதல் அஞ்சல்தலை ஒட்டும் முறை நாடெங்கும் வந்தது. டில்லியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் தஞ்சைக்கும் நெல்லைக்கும் சென்ற கடித உறைகளில், பெற்றோர் நலம் கேட்ட வரிகளோடு, முன்பின் அறியாத ஒரு வங்காளக் குழந்தையின் பசிக்கான ஐந்து பைசாவும் சேர்ந்து சென்றது. தொலைவில் இருப்பவர் துயரிலும் நமக்குப் பங்கு உண்டு என்பதை ஒரு சிறு தாள் துண்டு உணர்த்தியது.

மார்ச் மாதத்திற்குப் பிறகு பாகிஸ்தானுக்குப் புதிய ஆயுத உரிமங்கள் வழங்கப்படவில்லை என்று வாஷிங்டன் கூறியது. நம் வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங் ஜூன் மாதத்தில் அங்குச் சென்று திரும்பும் வேளையிலேயே, படைக்கலங்களையும் உதிரி உறுப்புகளையும் ஏற்றிய பாகிஸ்தானியக் கப்பல்கள் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட செய்தியை ஜூன் 22 அன்று நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. முன்பே வழங்கிய உரிமங்களின்படிதான் அவை செல்கின்றன என்பது அரசு தந்த விளக்கம். அவற்றின் விலை பெருந்தொகை அன்று. சில மில்லியன் டாலரே. நவம்பரில்தான் எஞ்சிய உரிமங்கள் நீக்கப்பட்டன. அதற்குள் எட்டு மாதங்கள் கடந்துவிட்டன.

விற்றவர் கூறும் நான்கு நியாயங்கள்

படைக்கலம் விற்போர் தம் செயலுக்குக் கூறும் நியாயங்கள் பல. அவற்றைத் தொகுத்து நோக்கினால் நான்கில் அடங்கும். எதிர்த்தரப்பின் வாதத்தை முழுதும் கேளாமல் தீர்ப்புச் சொல்வது அறமன்று. ஆதலின் ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் நியாயம்: 'கத்தி விற்றவன், வாங்கியவன் செய்யும் கொலைக்குப் பொறுப்பாவானோ?' இது கேட்பதற்கு எளிதாக இருக்கின்றது. ஆனால், காய் நறுக்கும் கத்தியைக் கடையில் விற்பதும், டாங்கியை ஓர் அரசு இன்னோர் அரசுக்கு விற்பதும் ஒன்றல்ல. கத்தி விற்றவன் வாங்கியவனின் பெயரைக்கூடக் கேட்பதில்லை. அரசோ உரிமம் வழங்கி, யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று எழுதி வாங்கிக்கொண்டே விற்கின்றது. மேலும், கத்தி ஒருமுறை விற்றால் முடிந்தது. விமானம் அப்படி முடிவதில்லை. அதற்கு உதிரி உறுப்பு வேண்டும், வெடிமருந்து வேண்டும், செப்பனிடுவோர் வேண்டும். ஔவையார் கண்ட சிதைந்த வேல் மீண்டும் கொல்லனிடம் வந்ததுபோல, இன்றைய கருவியும் விற்றவனிடமே மீண்டும் மீண்டும் வருகின்றது. ஒவ்வொரு முறையும் கொல்லன் தன் உலையை மூட்டலாம், மூட்டாமலும் இருக்கலாம். ஆகவே 'அன்று விற்றேன், இன்று என் கையில் ஒன்றும் இல்லை' என்று அவன் சொல்ல இயலாது.

இரண்டாம் நியாயம்: 'நாம் விற்காவிட்டால் வேறொருவர் விற்பார்.' இது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், பிறர் செய்யக்கூடும் என்பதனால் தீமை நமக்கு நன்மையாகிவிடுமோ? பூட்டாத வீட்டில் நான் திருடாவிட்டால் வேறொருவன் திருடுவான் என்று சொல்பவனை எந்த நீதிமன்றமும் விடுவிக்காது. 1971 ஜூலையில் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில், பத்மா என்னும் பாகிஸ்தானியக் கப்பலை மறித்துச் சிலர் சிறு துடுப்புப் படகுகளில் சென்றனர். குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தோர் அவர்களுள் முன்னின்றனர். பெருங்கப்பலின் முன் அந்தப் படகுகள் துரும்புக்கு ஒப்பானவை. காவலர் அவர்களைப் பிடித்துச் சென்றனர். கப்பலும் சுமையேற்றிச் சென்றது. ஆனால், அதன்பின் ஃபிலடெல்ஃபியாவில் துறைமுகத் தொழிலாளர் பாகிஸ்தானியக் கப்பலில் சுமை ஏற்ற மறுத்தனர். வேறொரு துறைமுகத்தில் வேறொருவர் ஏற்றக்கூடும் என்பது அவர்களுக்கும் தெரியும். 'எம் கையால் வேண்டா' என்பதே அவர்கள் விடை. அவர்கள் நாட்கூலி பெறுவோர்; ஒரு நாள் வேலையை மறுப்பதன் விலை அவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நியாயம்: 'விற்றால்தான் வாங்குவோனிடம் நமக்குச் செல்வாக்கு இருக்கும், அச்செல்வாக்கால் அவனை நல்வழிப்படுத்தலாம்.' இது நல்லெண்ணம் உடையோரும் கூறும் நியாயம். செல்வாக்கு உண்மையில் செலுத்தப்பட்டால் இதற்கு மதிப்பு உண்டு. 1971-இல் நடந்தது என்ன? யாகியா கானை இவ்வேளையில் நெருக்கவேண்டா என்று அமெரிக்கத் தலைவர் நிக்சன் ஏப்ரல் மாதத்தில் தம் கைப்படவே குறிப்பு எழுதினார். செலுத்தாமல் பெட்டியில் பூட்டிவைத்த செல்வாக்கினால் யாருக்கு என்ன பயன்? காலப்போக்கில் கட்டுப்பட்டவன் வாங்கியவனா, விற்றவனா என்பதே ஐயமாகிவிட்டது.

நான்காம் நியாயமே வலிமையுடையது: 'பெரியதொரு நன்மைக்காகச் சிறியதொரு தீமையைப் பொறுத்தோம்.' அவ்வாண்டில் அமெரிக்கா சீனத்தோடு உறவு கொள்ள மறைவாக முயன்று வந்தது. யாகியா கான் அதற்குத் தூதுவராக உதவினார். ஜூலை 9-ஆம் நாள் கிசிங்கர் பாகிஸ்தானிலிருந்துதான் எவரும் அறியாமல் பீகிங்குக்குப் பறந்தார். இருபதாண்டுப் பகையைத் தணித்த அச்செயலின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவேண்டா. இரண்டு பெருநாடுகள் போர் நினைவை விட்டு உரையாடத் தொடங்குவது உலகுக்கு நன்மையே.

ஆனால் இங்கே இரண்டு வினாக்கள் எழுகின்றன. அந்த நன்மைக்கு வேறு வழியே இல்லையா? ருமேனியா வழியாகவும் செய்திகள் சென்றுகொண்டுதான் இருந்தன. இரண்டாவது வினா இதனினும் ஆழமானது. அந்த நன்மைக்கு விலை கொடுத்தவர் யார்? வாஷிங்டனோ பீகிங்கோ கொடுக்கவில்லை. டாக்காவிலும் குல்னாவிலும் இருந்த உழவனும் மாணவனும் கொடுத்தனர். அவர்களை எவரும் கேட்கவில்லை. தன் பொருளைத் தந்து பிறர்க்கு உதவுவது ஈகை. பிறன் உயிரைத் தந்து தன் கருமத்தை முடிப்பதற்கு எந்த மொழியிலும் ஈகை என்னும் பெயர் இல்லை.

இருபது கையெழுத்துகள்

இந்த வழக்கில் நாம் மறக்கலாகாத ஒரு பெயர் உண்டு. ஆர்ச்சர் பிளட் என்பவர் அப்போது டாக்காவில் அமெரிக்கத் துணைத்தூதரகத்தின் தலைவர். கண்டதைக் கண்டவாறே அவர் வாஷிங்டனுக்குத் தந்திகள் அனுப்பினார். 1971 ஏப்ரல் 6-ஆம் நாள், தம் அரசின் கொள்கையை வெளிப்படையாக மறுத்து ஒரு தந்தி அங்கிருந்து சென்றது. அதில் ஒப்பமிட்டோர் இருபது அமெரிக்க அலுவலர். தம் அரசு மக்களாட்சி அடக்கப்படுவதைக் கண்டிக்கத் தவறியது, கொடுமைகளைக் கண்டிக்கத் தவறியது என்று அவர்கள் எடுத்துரைத்தனர். பிளட் அதனை ஆதரித்துத் தம் கருத்தையும் இணைத்து அனுப்பினார். வாஷிங்டனில் தெற்காசியப் பிரிவில் இருந்த சில அலுவலரும் அதனோடு உடன்பட்டனர்.

விளைவு என்ன? கொள்கை மாறவில்லை. பிளட் டாக்காவிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். அலுவலகப் பணி ஒன்றில் அமர்த்தப்பட்டார். டிசம்பரில் போர் மூண்டபோது, ஜோர்டானிடம் இருந்த அமெரிக்க விமானங்கள் பாகிஸ்தானுக்குச் செல்ல மறைவாக வழி செய்யப்பட்டது. அது சட்டத்திற்கு மாறானது என்று தம் அலுவலரே எடுத்துச் சொல்லியும் நிக்சனும் கிசிங்கரும் கேட்கவில்லை. ஆகவே அத்தந்தி தோற்றது என்றுதான் அன்று எவரும் சொல்லியிருப்பர். பிளட் 2004-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, டாக்காவில் உள்ள அமெரிக்க நூலகத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. எந்த நகர மக்களுக்காக அவர் பேசினாரோ அந்நகரில் அவர் பெயர் நிலைத்தது.

இந்த இருபதின்மரின் செயல் நம்மவர்க்குத் தனியாக ஒன்றைச் சொல்கின்றது. தமிழகத்தை விட்டு வெளியே குடியேறிய நம் குடும்பங்களுள் பெரும்பகுதியினர் வாளேந்தி வந்தவரல்லர், எழுதுகோலேந்தி வந்தவர். அரசு அலுவலகத்திலும் வங்கியிலும் தணிக்கைத் துறையிலும் கோப்புகளோடு வாழ்ந்தவர். உலகில் பெருந்தீமைகள் துப்பாக்கியால் மட்டும் நிகழ்வதில்லை என்பது கோப்பைக் கையாண்டவர்க்குத் தெரியும். ஒருவர் குறிப்பு எழுதுவார். ஒருவர் 'பார்த்தேன்' என்று சுருக்கொப்பம் இடுவார். ஒருவர் மேலே அனுப்புவார். ஒவ்வொருவரும் தம் பங்கு சிறிது என்றே எண்ணுவர். எல்லாரும் சிறிது சிறிதாகச் செய்த செயலின் முடிவில் ஒரு கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்படும். அந்தக் கோப்பிலேயே 'இது தகாது' என்று ஒரு குறிப்பு எழுதவும் இயலும் என்பதை டாக்காவின் இருபது கையெழுத்துகள் காட்டின. ஆணையை மாற்றும் ஆற்றல் அவர்களிடம் இல்லை. அறியவில்லை என்று பின்னாளில் எவரும் சொல்ல முடியாதபடி செய்யும் ஆற்றல் இருந்தது. அதனை அவர்கள் பயன்படுத்தினர்.

சட்டமும் விலக்கும்

அந்தப் பத்தாண்டின் பட்டறிவு வீண்போகவில்லை. மனித உரிமைகளைத் தொடர்ந்து பெரிதும் மீறும் அரசுகளுக்குப் படை உதவி வழங்கலாகாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் 1976-இல் சட்டம் செய்தது. பெரிய ஆயுத விற்பனைகளை முன்கூட்டியே காங்கிரசுக்கு அறிவிக்கவேண்டும் என்பதும் விதியாயிற்று. 2013 ஏப்ரல் 2-ஆம் நாள் ஐ.நா. பொதுப்பேரவை ஆயுத வணிக உடன்படிக்கையை ஏற்றது. 2014 டிசம்பர் 24-இல் அது நடைமுறைக்கு வந்தது. விற்கும் ஆயுதம் இனப்படுகொலைக்கோ மானிடத்திற்கு எதிரான குற்றங்களுக்கோ பயன்படும் என்று அறிந்தால் விற்கலாகாது என்பது அதன் உயிர்நாடி. 'அறிந்தால்' என்னும் அந்தச் சொல்லில்தான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இருக்கின்றது.

ஆயினும், சட்டம் எழுதிய கையே விலக்கும் எழுதியது. தனிச் சூழ்நிலை, நாட்டுப் பாதுகாப்பு என்னும் பெயர்களால் விதிகள் தளர்த்தப்பட்டன. 2015 முதல் ஏமன் நாட்டில் சவூதி அரேபியா முன்னின்று நடத்திய குண்டுவீச்சில் அமெரிக்க, பிரிட்டானிய விமானங்களும் குண்டுகளும் பயன்பட்டன. 2018 ஆகஸ்டு 9 அன்று சாதா மாநிலத்தில் ஒரு பேருந்தின்மேல் குண்டு விழுந்து, நாற்பது குழந்தைகள் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறு ஆண்டு ஆயுத விற்பனையைத் தடுக்க அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய தீர்மானங்களை நாட்டுத் தலைவர் டிரம்ப் தம் அதிகாரத்தால் மறுத்தார். ஆயுத வணிக உடன்படிக்கையில் 2013-இல் இட்ட ஒப்பத்தையும் அமெரிக்கா 2019-இல் கைவிட்டது.

நம்பிக்கைக்குரிய செய்தியும் உண்டு. 2019 மே மாதத்தில் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத் தொழிலாளர், சவூதிக் கப்பலில் படைத்துறைக்குரிய சுமையை ஏற்ற மறுத்தனர். ஃபிலடெல்ஃபியாவில் அரை நூற்றாண்டுக்கு முன் கேட்ட குரலே அது. 2021 ஜனவரியில் இத்தாலிய அரசு சவூதி அரேபியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்திற்கும் குண்டுகள் விற்கும் உரிமங்களை நீக்கியது. 2023-இல் அத்தடையும் தளர்ந்தது என்பது உண்மையே. ஆயினும் விற்ற கை நினைத்தால் நிறுத்தவும் முடியும் என்பது மெய்ப்பட்டது.

நம் கையிலுள்ள துலாக்கோல்

இதுவரை பிறர் செயலை எடைபோட்டோம். அதே கோலால் நம்மையும் எடைபோடாவிட்டால் அது துலாக்கோல் ஆகாது, வெறும் தடியாகும்.

1971-இல் நம் நாடு நடந்துகொண்ட முறையில் நாம் பெருமை கொள்ளலாம். எனினும், நம் நாடும் வல்லரசு ஒன்றின் துணையோடுதான் நின்றது. ஆகஸ்டு 9-ஆம் நாள் சோவியத் நாட்டோடு உடன்படிக்கை செய்துகொண்டோம். டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் அந்நாட்டின் வீட்டோ நமக்கு அரணாயிற்று. முக்தி வாகினிக்கு நாம் தந்த ஆயுதங்களும், நம் படையிடம் இருந்த சோவியத் ஆயுதங்களும் ஒரு படுகொலையை நிறுத்த உதவின. ஆதலின் படைக்கலம் எல்லாம் பழி என்று நாம் சொல்ல இயலாது. ஆனால், படைக்கலம் வாங்குவோனும் ஒரு விலை கொடுக்கின்றான். அது பணத்தால் மட்டும் கொடுக்கும் விலை அன்று. 1968-இல் செக்கோஸ்லோவாகியாவில் சோவியத் டாங்கிகள் புகுந்தபோது பாதுகாப்பு அவையில் நாம் வாக்களியாது ஒதுங்கினோம். 1980 ஜனவரியில் ஆப்கானிஸ்தான் குறித்தும் அவ்வாறே. 2022 மார்ச்சில் உக்ரைன் குறித்தும் அவ்வாறே. அவற்றிற்கு வேறு காரணங்களும் கூறலாம். எனினும், 2010 முதல் 2014 வரை நாம் இறக்குமதி செய்த ஆயுதங்களுள் நூற்றுக்கு 72 பங்கு ருஷியாவிலிருந்து வந்தது என்றும், 2020 முதல் 2024 வரை அது 36 பங்காகக் குறைந்தது என்றும் ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம் கணக்கிடுகின்றது. கொல்லனிடம் கடன்பட்டவன் நா, கொல்லனைப் பற்றிப் பேசும்போது தயங்கவே செய்யும்.

இன்றோ நாமே கொல்லர் ஆகிவருகின்றோம். 2013-14-இல் 686 கோடி ரூபாயாக இருந்த நம் படைத்துறை ஏற்றுமதி, 2024-25-இல் 23,622 கோடி ரூபாயாக உயர்ந்துள்ளது. பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு 2024 ஏப்ரலில் பிரமோஸ் ஏவுகணைகள் சென்றன. தன் கடற்கரையைக் காத்துக்கொள்ள விரும்பும் நாட்டுக்கு அவை சென்றதில் குறைகாண்பதற்கு இல்லை. நம் தாய்மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. ஆவடியில் டாங்கி, திருச்சியில் துப்பாக்கி, அருவங்காட்டில் வெடிமருந்து. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஊர்களை இணைத்துப் படைத்துறைத் தொழில் வழித்தடம் வளர்ந்துவருகின்றது. அங்கு நம் உற்றார் வேலை செய்கின்றனர். அந்த ஊதியத்தில் பிள்ளைகள் படிக்கின்றனர். அவ்வுழைப்பை இழிவாகப் பேச நமக்கு உரிமை இல்லை, பேசவும் மாட்டோம். நாட்டைக் காக்கும் கருவியைச் செய்யும் கை மதிப்பிற்குரியது.

ஆனால், அக்கருவி எங்கே செல்கின்றது என்று கேட்கும் உரிமை அந்தக் கைக்கு உண்டு, நமக்கும் உண்டு. 2021 பிப்ரவரியில் மியன்மாவில் இராணுவம் ஆட்சியைக் கவர்ந்தது. தேர்தலில் வென்றோர் சிறைசென்றனர், எதிர்த்தோர் சுடப்பட்டனர், ஊர்கள் குண்டுக்கு இரையாயின. மிசோரத்தில் மட்டும் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் அடைக்கலம் புகுந்தனர். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் வாழும் மோரே என்னும் மணிப்பூர் ஊரும் அவ்வெல்லையில்தான் உள்ளது. தேர்தல், இராணுவம், அகதி என 1971-இல் நாம் கண்ட காட்சியே சிறிய அளவில் மீண்டும் நிகழ்ந்தது. அந்த இராணுவத்திற்கு ஆயுதம் செல்வதைத் தடுக்கவேண்டும் என்று 2021 ஜூனில் ஐ.நா. பொதுப்பேரவையில் வந்த தீர்மானத்தில் இந்தியா வாக்களியாது ஒதுங்கியது. ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் இந்தியாவிலிருந்து அந்நாட்டு இராணுவத்திற்குச் சென்ற ஆயுதங்களும் அவை தொடர்பான பொருள்களும் 5 கோடியே 10 இலட்சம் டாலர் மதிப்புடையவை என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 2023 மே மாதத்தில் எழுதினார். ருஷியாவும் சீனமும் அனுப்பியது இதனினும் பன்மடங்கு மிகுதி. ஆனால் 'பிறர் மிகுதியாக விற்றனர்' என்பது நாம் மேலே கண்ட இரண்டாம் நியாயம். 'அண்டை இராணுவத்திடம் செல்வாக்கு வேண்டும்' என்பது மூன்றாம் நியாயம். 'எல்லைப் பாதுகாப்பும் சீனப் போட்டியும்' என்பது நான்காம் நியாயம். நிக்சன் கூறியபோது நாம் ஏலாத நியாயங்கள், நம் வாயிலிருந்து வருவதால் மட்டும் ஏற்கத்தக்கன ஆகுமோ?

எனவே மூன்று வினாக்களை எந்த விற்பனையின் முன்னும் வைக்கவேண்டும் என்பது நம் கருத்து. வாங்குவோன் இதனைத் தன் குடிகள்மேல் ஏவுகின்றான் என்பதை நாம் அறிவோமா? அறிந்தபின் உதிரி உறுப்பையும் வெடிமருந்தையும் நிறுத்த நம்மால் இயலுமா? இதனால் வரும் ஆதாயத்திற்கு விலை கொடுப்பவர் யார்? இவ்வினாக்கள் மறைவான அறைகளில் மட்டும் கேட்கப்பட்டால் போதாது. ஆயுத விற்பனையை நாடாளுமன்றத்திற்கு முன்கூட்டியே அறிவிக்கும் கட்டாயம் நம் நாட்டில் இல்லை; அது வேண்டும் என்று கேட்பது நாட்டுப்பற்றுக்கு மாறானது அன்று. தன் நாட்டின் செங்கோல் வளையாதிருக்க விரும்புவதே உண்மையான நாட்டுப்பற்று.

படைக்கலம் விற்றார்க்குப் பழி உண்டோ என்று கேட்டோம். அறியாமல் விற்றார்க்கு இல்லை. அறிந்தபின் நிறுத்தினார்க்கும் குறைவு. அறிந்தும் விற்றார்க்கு உண்டு. அவர் எந்நாட்டவர் ஆயினும் உண்டு. ஒரு காலத்தில் ஒரு கோடிப் பேருக்கு உணவும் நிழலும் தந்த நாடு நம்முடையது. ஏதிலியாய் வந்தவனுக்குக் கதவு திறந்த கையே, அவனைத் துரத்தியவனுக்குக் கருவி நீட்டும் கையாக ஆகிவிடாமல் காப்பது அந்தப் பெருமைக்கு நாம் செலுத்தும் வட்டி. ஊர் கடந்து வந்து உழைத்து உயர்ந்த நம் குடும்பங்கள், தம் மக்களுக்குத் தமிழோடு இந்த நடுவுநிலைமையையும் கற்பித்து வளர்த்தல் வேண்டும்.